ஒரு வயது வரை தேன் வேண்டாம்: கைக்குழந்தையைத் தளரவைக்கும் பொட்டுலிசம்

"மூணு மாசக் குழந்தை. நாலு நாளா மலம் போகலை. வெந்நீரில் ரெண்டு சொட்டு தேன் விட்டுக் கொடுத்தா சரியாயிடும்னு அத்தை சொல்றாங்க. கொடுக்கலாமா?"

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கொடுக்கக் கூடாது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். சளிக்கும் வேண்டாம், மலச்சிக்கலுக்கும் வேண்டாம், சடங்குக்கும் வேண்டாம்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது எல்லாருக்கும் ஓரளவு தெரியும்: தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் உடலைத் தளரவைத்து, மூச்சையே நிறுத்திவிடலாம். இரண்டாவது பலருக்குத் தெரியாது: அந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான். ஏற்கெனவே நோய் தொடங்கிவிட்ட குழந்தைக்கு நாம் கைவைத்தியம் பார்த்துக்கொண்டே நாட்களைக் கடத்திவிடக்கூடும். கைக்குழந்தைப் பொட்டுலிசம் எனப்படும் இது அரிதாக வரும் நோய். நேரத்தோடு கண்டுகொண்டால் அநேகமாக முழுமையாகக் குணமாகிவிடும். அதனால் எதைத் தவிர்ப்பது என்பதோடு, எதைக் கவனிப்பது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

குடலுக்குள் நடப்பது என்ன?

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணிலும் தூசியிலும் வாழ்கிறது. சூழல் ஒத்துவராதபோது அது கெட்டியான உறைக்குள் நுண்வித்தாக அடங்கிக்கொள்ளும். மழைக்காகக் காத்துக் கிடக்கும் விதை போல ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்து, காற்றில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம் கிடைத்ததும் முளைக்கும்.

இந்த நுண்வித்துகளை நாம் எல்லாருமே அவ்வப்போது விழுங்குகிறோம். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அவற்றை முளைக்கவிடுவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே நுண்வித்து முளைத்துப் பெருகி, நஞ்சைச் சுரக்கிறது. மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் இதுவும் ஒன்று. நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளிவிட வேண்டும். நஞ்சு அதைத் தடுத்துவிடுகிறது. கட்டளை வராத தசை துவண்டுபோகிறது.

பெரியவர்களுக்கு வரும் பொட்டுலிசம் வேறு வகை. கெட்டுப்போன டப்பா உணவில் முன்கூட்டியே உருவாகிவிட்ட நஞ்சைச் சாப்பிடுவதால் அது வருகிறது. குழந்தைக்கோ நஞ்சு தயாராவதே அதன் வயிற்றுக்குள். இப்படி ஒரு வகை இருப்பதை 1976-இல்தான் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள். ஒரு வயதை நெருங்க நெருங்க ஆபத்து குறைந்துகொண்டே வரும். ஒரு வயது என்ற எல்லைக்குக் காரணம் இதுதான்.

தேன் மட்டும்தான் காரணமா?

இல்லை. பல குழந்தைகளுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரிவதே இல்லை. தோண்டிய மண், கட்டுமானத் தூசி, காற்றில் பறக்கும் புழுதி என எதிலும் அது இருக்கலாம். தூசியில்லாத வீட்டில் குழந்தை வளர்க்க யாராலும் முடியாது. தேனைத் தவிர்க்க எல்லாராலும் முடியும். மருத்துவர்கள் தேனையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2017-இல் டோக்கியோவில் 6 மாத ஆண் குழந்தை ஒன்று இந்நோயால் இறந்தது. பழச்சாற்றில் தேன் கலந்து சுமார் ஒரு மாதம் கொடுத்துவந்திருந்தார்கள். ஜப்பானில் இந்நோயால் பதிவான முதல் மரணம் அது. 2018-இல் டெக்சாஸில் 4 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நால்வருமே உள்ளே தேன் நிரப்பிய சூப்பானைச் சப்பியவர்கள்.

பால்பவுடரும் முழுக்கக் கிருமி நீக்கிய பொருள் அல்ல. 2025 நவம்பரில் அமெரிக்காவில் பைஹார்ட் என்ற நிறுவனத்தின் குழந்தைப் பால்பவுடர் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அதைக் குடித்த 50-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் உறுதியானது அல்லது இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதற்காகப் பால்பவுடர் குடிக்கும் குழந்தைகளின் பெற்றோர் பயந்து நிறுத்திவிட வேண்டாம். டப்பா தீரும்வரை அதன் அடியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைப் படமெடுத்து வைத்திருங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

"சுத்தமான மலைத்தேன்தான், காய்ச்சித்தான் கொடுக்கிறோம்"

தேன் கலப்படமா, அசலா என்பதற்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தம் இல்லை. கொல்லிமலையில் கண்ணெதிரே எடுத்த தேனிலும் நுண்வித்து இருக்கலாம், கடைப் பாட்டிலிலும் இருக்கலாம். தேனீ பூவுக்குப் போனாலும் தண்ணீருக்குப் போனாலும் தூசி ஒட்டத்தான் செய்யும். தேனின் நிறம், மணம், ருசி எதிலும் வித்தியாசம் தெரியாது.

காய்ச்சினாலும் பயனில்லை. நஞ்சு சூட்டில் அழிந்துவிடும், நுண்வித்து அழியாது. கொதிக்கும் நீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதை ஒழிக்க அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் சூடேறிய நீராவி வேண்டும். உணவு ஆலைகளில் டப்பாக்களுக்குச் செய்யும் அந்த வேலையை அடுப்படியில் நம்பிச் செய்ய முடியாது. வெந்நீரில் கலந்த தேன், சுடுபாலில் கலந்த தேன், தேன் சேர்த்த பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு வயது வரை தள்ளிவையுங்கள்.

சேனை முதல் சளி மருந்து வரை

நம் வீடுகளில் தேன் பல வழிகளில் குழந்தையின் வாய்க்குப் போகிறது. பிறந்ததும் பெரியவர் ஒருவர் விரலில் தொட்டு வைக்கும் சேனை. இருமலுக்குத் துளசிச் சாற்றோடு தேன். உரைகல்லில் உரைத்த மருந்தைக் குழைக்கத் தேன். நாக்கில் மாவு படிந்தால் தடவ, சூப்பானை வாயில் பிடிக்கவைக்க, பால் மறக்கடிக்க என்று இன்னும் நீளும். பூச நட்சத்திரத்தன்று சில இடங்களில் கொடுக்கப்படும் சுவர்ணபிராசனத்திலும் தேன் உண்டு. நாட்டு மருந்துப் பொடி எதுவானாலும் எதில் குழைக்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். தேன் என்றால் குழந்தையின் வயதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் வீட்டில் அந்த 6 மாதமும் இந்தக் கேள்வியே எழாது.

சிக்கல் மருத்துவத்தில் இல்லை, உறவில் இருக்கிறது. சேனை வைக்க வந்த பெரியவரின் கையைத் தட்டிவிட முடியாது. பிரசவத்துக்கு முன்பே பேசிவைப்பது நல்லது. "அம்மா, டாக்டர் ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க. முதல் பிறந்தநாளன்னைக்கு நீங்களே முதல் தேனைத் தொட்டு வைங்க" என்று கணவர் தன் அம்மாவிடம் சொன்னால் மருமகள் மீது பழி வராது. பிறந்த அன்று குழந்தையை அந்தப் பெரியவரின் மடியில் கிடத்தி ஆசி வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் வாய்க்கு முதலில் போக வேண்டியது சீம்பால்.

தாய் தேன் சாப்பிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாகச் சாப்பிடலாம். நுண்வித்தோ நஞ்சோ தாய்ப்பாலில் கலப்பதில்லை. கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். மார்க்காம்பில் மட்டும் தேன் தடவ வேண்டாம்.

எப்படிக் கண்டுகொள்வது?

மலச்சிக்கல் என்றதும் பதற வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாட்கள் மலம் கழிக்காமல் இருப்பது சகஜம். நன்றாகப் பால் குடித்து, கை காலை உதைத்து, வீடே அதிர அழுகிறதென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கலோடு தளர்ச்சியும் சேரும்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

இந்நோயில் தளர்ச்சி தலையில் தொடங்கிக் கீழே இறங்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தாய்தான். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடியும் பாலூட்டல் முக்கால் மணியாகும். குழந்தை காம்பைக் கவ்வும், ஆனால் இழுக்காது. வாயோரம் பால் வழியும். ஊட்டி முடித்த பிறகும் மார்பு கனத்தே இருக்கும். இதோடு கீழ்க்கண்டவற்றில் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்:

- அழுகுரல் மெலிந்திருக்கிறது. முகம் அழுகிறது, சத்தம் வரவில்லை.
- இமைகள் பாதி மூடியே இருக்கின்றன. தூக்கம் இல்லாதபோதும் சொக்கிய பார்வை.
- முகத்தில் உணர்ச்சி இல்லை. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிக்கவில்லை.
- நின்றுகொண்டிருந்த தலை நிற்கவில்லை. தூக்கினால் கழுத்து தொங்குகிறது.
- எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் தேங்குகிறது.
- கை கால்கள் துவண்டு கிடக்கின்றன.

காய்ச்சல் பொதுவாக இருக்காது. "உடம்பு சுடவே இல்லையே" என்று காத்திருப்பதற்கு அதுவே காரணமாகிவிடக் கூடாது. இன்னொன்று, கிருமி உள்ளே போனதற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையே 3 முதல் 30 நாட்கள் ஆகலாம். "தேன் கொடுத்து மூணு வாரம் ஆச்சு, அதனால இருக்காது" என்ற கணக்கு இங்கே செல்லாது.

கிளம்பும்போது செய்யக் கூடாதவை

தளர்ச்சி தெரிந்த குழந்தையை அன்றே, அந்த நேரத்திலேயே, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை எழுப்பியும் விழிக்காவிட்டாலோ தமிழ்நாட்டில் 108-ஐ, இலங்கையில் 1990-ஐ உடனே அழையுங்கள்.

உறிஞ்சாத குழந்தைக்குச் சங்கிலோ பாலாடையிலோ பாலைப் புகட்ட வேண்டாம். விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பசியில் வாடுகிறதே என்று ஊற்றும் அந்த ஒரு சங்குப் பால்தான் நிலைமையைக் கெடுக்கும். விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர், ஆசனவாயில் சோப்பு அல்லது வெற்றிலைக்காம்பு வைப்பது எதுவும் வேண்டாம். தூக்கும்போது தலையைத் தாங்கிப் பிடியுங்கள். தாடை நெஞ்சில் இடித்தபடி குனிந்திருந்தால் மூச்சுப்பாதை மடங்கிவிடும். கழுத்து நேராக இருக்கட்டும்.

மருத்துவரிடம் நான்கு விவரங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கடைசியாக மலம் போனது என்று, பால் குடிப்பது எப்போதிருந்து குறைந்தது, கடந்த ஒரு மாதத்தில் தேன், உரை மருந்து, நாட்டு மருந்து ஏதாவது வாயில் பட்டதா, வீட்டருகே மண் தோண்டும் வேலை நடந்ததா. தேன் கொடுத்ததை மாமியார் முன்னால் சொல்லத் தயங்கினால் மருத்துவரைத் தனியே பார்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல் நோயறிதலின் திசையையே மாற்றக்கூடியது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

துவண்டு வரும் கைக்குழந்தையைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது இரத்தத்தில் கிருமித் தொற்றைத்தான். அது சரியான முறையும்கூட, ஏனென்றால் அதுதான் அடிக்கடி வருவது. தைராய்டு குறைபாடு, பிறவித் தசை நோய்கள், நம் ஊரில் கட்டுவிரியன் கடி ஆகியவையும் இப்படித் தோன்றலாம். எல்லாவற்றையும் விலக்கிப் பார்ப்பார்கள். பொட்டுலிசத்தில் தண்டுவட நீர்ப் பரிசோதனை பொதுவாக இயல்பாகவே இருக்கும்.

ஒரு எளிய சோதனை இதில் பெரிதும் உதவும். மருத்துவர் குழந்தையின் கண்ணில் டார்ச் ஒளியைப் பாய்ச்சி எடுப்பார். மறுபடி பாய்ச்சுவார். இப்படி விடாமல் ஓரிரு நிமிடம் செய்துகொண்டே இருப்பார். தொடக்கத்தில் சட்டென்று சுருங்கும் கண்மணி போகப்போகச் சோர்ந்து மெதுவாகச் சுருங்கினால், தசை களைத்துப்போகிறது என்று பொருள்.

நோயை உறுதிசெய்வது மலப் பரிசோதனை. குழந்தைக்கு மலச்சிக்கல் என்பதால் மாதிரி எடுப்பதே கஷ்டம், சிறிது நீர் செலுத்தி எடுக்க வேண்டியிருக்கும். சிறப்பு ஆய்வகத்தில் முடிவு வரப் பல நாட்கள் ஆகும். அதற்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. குழந்தையைப் பார்த்தே முடிவெடுத்துத் தொடங்குவார்கள்.

சிகிச்சையின் முதுகெலும்பு தாங்கு சிகிச்சைதான். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கும். மூக்கு வழியே செலுத்திய குழாயில் தாயின் பாலைக் கறந்து ஊட்டுவார்கள். சளியை உறிஞ்சி எடுப்பார்கள், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பார்கள். கேட்க எளிதாக இருந்தாலும் வாரக்கணக்கில் இரவும் பகலும் செய்ய வேண்டிய வேலை இது. இந்தக் கவனிப்பு மட்டுமே பெரும்பாலான குழந்தைகளைக் கரை சேர்த்துவிடும்.

ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியைக் கொன்றால் போதாதா? இந்நோய்க்கு அது மருந்தல்ல. குடலில் பாக்டீரியா சிதைந்தால் உள்ளிருக்கும் நஞ்சு மேலும் வெளியேறலாம் என்ற அச்சமும் உண்டு. குறிப்பாக ஜென்டாமைசின் வகை மருந்துகள் நரம்பும் தசையும் சேரும் இடத்தை மேலும் பலவீனமாக்கும். வேறு தொற்று சேர்ந்துகொண்டால் எந்த ஆன்டிபயாடிக் பொருத்தம் என்பதை மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். தேன் கொடுத்த விவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

முறிமருந்து உண்டா?

உண்டு. பேபிபிக் என்பது அதன் பெயர். பொட்டுலினம் நஞ்சுக்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் அது. கலிபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் ஸ்டீபன் ஆர்னன் என்ற மருத்துவர் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்கள். 2003-இல் அமெரிக்க அரசின் உரிமம் கிடைத்தது. ஒரே ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றினால் போதும்.

122 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. மருந்து பெறாத குழந்தைகள் சராசரியாக 5.7 வாரம் மருத்துவமனையில் இருந்தார்கள். பெற்றவர்கள் 2.6 வாரத்தில் வீடு திரும்பினார்கள். வென்டிலேட்டரில் இருந்த நாட்களும் குழாயில் உண்ட நாட்களும் குறைந்தன. எவ்வளவு சீக்கிரம் ஏற்றினார்களோ அவ்வளவு பலன் கிடைத்தது. காரணம் எளிது: இந்த மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடித்துக்கொள்ளும். நரம்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை வெளியே இழுக்க அதனால் முடியாது.

நடைமுறைச் சிரமங்களும் உண்டு. விலை 50,000 டாலருக்கும் மேல். நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கக்கூடியது அல்ல. சிகிச்சையளிக்கும் மருத்துவர் நேரடியாகக் கலிபோர்னியாவின் அந்தச் சுகாதாரத் துறையைத் தொடர்புகொள்ள வேண்டும். பிற நாடுகளுக்கும் அங்கிருந்து மருந்து போயிருக்கிறது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் முறிமருந்தும் உள்ளது. அதில் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் குழந்தைக்குக் கொடுப்பதை மருத்துவர்கள் யோசித்தே முடிவுசெய்வார்கள். வெளிநாட்டில் குழந்தையோடு வசிப்பவர்கள் "பேபிபிக் கிடைக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள். இங்கே இருப்பவர்கள் மருந்து வரவில்லையே என்று மனமொடிய வேண்டாம். நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவே இந்நோயில் பாதி மருந்து.

தேறிவரும் நாட்கள்

நஞ்சு முடக்கிய நரம்பு முனை புதிதாகத் துளிர்த்துத் தசையோடு மீண்டும் இணைய வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சில குழந்தைகளுக்கு மாதங்கள் ஆகும். தலை நிற்பதற்கும் சரியாக உறிஞ்சுவதற்கும் காலம் பிடிக்கும். ஆனால் இந்நோய் மூளையைத் தாக்குவதில்லை. மூச்சுத் தடையால் இடையில் பாதிப்பு நேராதவரை குழந்தை முழுமையாகத் தேறிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளில் இறப்பவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு.

அசையாமல் கிடக்கும் குழந்தைக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் உறைக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளே விடும் நேரத்தில் பேசுங்கள், தாலாட்டுங்கள், உள்ளங்காலைத் தொடுங்கள். தாய் வேளை தவறாமல் பாலைக் கறந்துவர வேண்டும். குழந்தை மறுபடி உறிஞ்சத் தொடங்கும்போது பால் வற்றியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு, மலத்தில் கிருமி வெளியேறும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோயல்ல. என்றாலும் டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். பேபிபிக் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை-ருபெல்லா போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். எந்த ஊசி, எப்போது என்று குழந்தை நல மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற தடுப்பூசிகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீடு திரும்பியபின் பால் குடிப்பது மறுபடி குறைந்தாலோ, அழுகை மெலிந்தாலோ, மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். ஒரு முறை வந்து தேறிய குழந்தைக்கும் ஒரு வயது வரை தேன் கிடையாது.